நாற்பது நிமிடம் பார்த்து எட்டாவது இடம்

நம் வாரப் பத்திரிகையில் பள்ளி பாஸ்கெட்பால் அணிகளின் சீசன் முன்னோட்டப் பக்கத்தை இந்த ஜூலையிலிருந்து நீங்கள் இருவரும் எழுதப்போகிறீர்கள். நான் திங்கட்கிழமை மவுண்ட் ரோடில் ஒரு தினசரியின் டெஸ்க்கில் சேர்கிறேன். இருபத்தெட்டு வயதில், பென்ஷன் வாங்குகிறவனைப் போல அறிவுரை சொல்ல உட்கார்ந்துவிட்டான் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் படித்துவிட்டுச் சிரியுங்கள். ஆறு சீசன் இந்தப் பக்கத்தை எழுதியிருக்கிறேன். அதில் முதல் சீசனை மட்டும்தான் இங்கே சொல்லப்போகிறேன். மற்ற ஐந்தும் அதைச் சரிசெய்யவே சரியாகப் போயிற்று.

பேட்டி எப்படி எடுப்பது, படம் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தால் நன்றாக வரும், வெள்ளிக்கிழமை பக்கத்தை எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்பதெல்லாம் இரண்டு வாரத்தில் தானாக வந்துவிடும். வராதது ஒன்று இருக்கிறது. எட்டு பள்ளிகள். மயிலாப்பூரில் மூன்று, தி.நகரில் இரண்டு, அடையாறு, அசோக் நகர், அபிராமபுரத்தில் ஒவ்வொன்று. அத்தனை பி.டி. சார்களும் உங்களைப் பார்த்ததும் நாற்காலி போடுவார்கள், டீ சொல்வார்கள், பன்னிரண்டு பெயர் எழுதிய பட்டியலைக் கையில் கொடுப்பார்கள். அதில் பெயர், வகுப்பு, உயரம் இருக்கும். பெயர் சரியாக இருக்கும். வகுப்பு பெரும்பாலும் சரியாக இருக்கும். உயரத்தை நம்பாதீர்கள்.

முதல் வருடம் நான் நம்பினேன். தி.நகர் பள்ளி ஒன்றின் பட்டியலில் நான்கு பேர் ஆறடி. அப்படியே போட்டேன். சீசன் தொடங்கி அந்த நான்கு பேரும் என் பக்கத்தில் வந்து நின்றபோது, ஒருவனுடைய தலை என் காதுக்கு வந்தது. நான் ஐந்தடி ஏழு அங்குலம். எதிரணி பயப்பட வேண்டும் என்பதற்காக எல்லாப் பள்ளியிலும் இஷ்டத்துக்கு அங்குலங்களை ஏற்றிக் கொடுப்பது வழக்கமாம். எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கவில்லை.

அது சின்ன ஏமாற்று. யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அதே வாரம் இன்னொருவரும் என்னை ஏமாற்றினார். நானும் ஏமாந்ததோடு நிற்காமல், அதை அச்சிலும் ஏற்றிவிட்டேன்.

அபிராமபுரம் பள்ளிக்கு நான் போனது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. கோர்ட்டின் ஒரு பக்கத்துப் போர்டு போன நவம்பர்ப் புயலில் பிளந்து, ரிங் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரே ரிங்கை வைத்துக்கொண்டு பையன்கள் ஆடினார்கள். ஆடினார்கள் என்று சொல்வதே அதிகம். பந்து கையில் நிற்கவில்லை. எதிரே ஆட ஒன்பதாம் வகுப்புச் சின்னப் பையன்களை நிறுத்தியிருந்தார்கள். அந்தச் சின்னப் பையன்கள்தான் நன்றாக ஆடினார்கள். பி.டி. சார் உதட்டைப் பிதுக்கி, "இந்த வருஷம் இவ்ளோதான் தம்பி நம்ம சரக்கு" என்றார். பட்டியலை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நாற்பது நிமிடம் உட்கார்ந்தேன். மழை தூறத் தொடங்கியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சனிக்கிழமை பக்கம் வந்தது. எட்டு அணிகளையும் வரிசைப்படுத்தியிருந்தேன். அபிராமபுரம் எட்டாவது. கீழே ஒரு வரி: "இந்த அணியைப் பற்றி எழுத இந்த ஆண்டு அதிகம் இல்லை."

அந்த வரி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மூன்று தடவை படித்தேன்.

எங்கள் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அப்பா தண்ணி லாரி ஓட்டுகிறவர். வேளச்சேரியில் எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். என் பெயர் அச்சில் வந்த முதல் பக்கத்தை அப்பா மடித்து, லாரியில் கண்ணாடிக்கு மேலே செருகி வைத்திருந்தார். பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தண்ணீர் பிடிக்கிற இடத்தில் எல்லாருக்கும் விரல் வைத்துக் காட்டினாராம். அச்சில் வந்தது எங்கள் வீட்டில் கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி. யார் எழுதினார்கள், எவ்வளவு நேரம் பார்த்து எழுதினார்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். எழுதுகிறவனாகிய பிறகும் நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை அலுவலக வாசலில் யூனிஃபார்மில் இரண்டு பையன்கள் நின்றிருந்தார்கள். முன்னால் நின்றவன் குள்ளம். பேச்சில் ஒரு விறைப்பு.

"பாஸ்கெட்பால் எழுதறது நீங்கதானே சார்?"

"ஆமாம். நீ?"

"சலீம். அபிராமபுரம் கேப்டன்."

நான் அவனை அதற்கு முன் பார்த்ததே இல்லை. அதை அவனிடமே சொன்னேன்.

"நீங்க பாக்கல. நாங்க உங்கள பாத்தோம் சார்," என்றான். பின்னால் நின்றவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தான். "மேல கெமிஸ்ட்ரி லேப் ஜன்னல்லேருந்து ஏழு பேரும் பாத்துக்கினுதான் இருந்தோம். நீங்க நோட்டுல எழுதிக்கினே இருந்தீங்க. இன்னாடா இவரு, இவ்ளோ எழுதறாருன்னு பேசிக்கினோம்."

"லேப்பில் என்ன செய்தீர்கள்?"

"ஒளிஞ்சிக்கினு இருந்தோம். நீங்க வரீங்கன்னு தெரிஞ்சதும் பி.டி. சாரு எங்கள மேல ஏத்திட்டாரு. பேப்பர்ல வந்துட்டா மத்த ஸ்கூலுக்கு எல்லாம் தெரிஞ்சிடும்னாரு. அது சரி சார், அது எங்க சாரு பண்ண வேலை. ஆனா கடைசின்னு போட்டுக்கீங்களே."

பிறகு விஷயத்துக்கு வந்தான். ஜோனல் போட்டிக்கான எண்ட்ரி ஃபாரத்தில் ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். பிளஸ் டூ பையன்கள் இரண்டு மாதம் வெயிலில் அலைவது அவருக்கு ஏற்கெனவே பிடிக்காது. இப்போது கையில் எங்கள் பத்திரிகை வேறு. கடைசியில் வரப்போகிற அணிக்கு எதற்கு இந்தப் பாடு என்று கேட்டிருக்கிறார். ஃபாரம் கொடுக்கக் கடைசி நாள் புதன்கிழமை.

"மார்க்கு எனக்கு வராது சார். அது எனக்கே தெரியும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல போனாத்தான் காலேஜ். ஜோனல் ஆடலன்னா சர்டிபிகேட் கெடையாது, சர்டிபிகேட் இல்லன்னா அத்தாவோட மெத்தக் கடையில பஞ்சு அடைக்கறதுதான். தப்பா சொல்லல, நல்ல தொழிலுதான். ஆனா எங்க ஊட்டுல யாரும் காலேஜ் வாசல மிதிச்சதில்ல சார். நான் மிதிக்கணும்."

எங்கள் வீட்டில் அந்த வாசலை முதலில் மிதித்தவன் நான். டிகிரியோடு வெளியே வந்து முழுசாக இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

அவர்கள் போனதும் பையைத் துழாவி அந்தப் பட்டியலை எடுத்தேன். பன்னிரண்டு பெயர். முதல் பெயர்: எம். சலீம், கேப்டன். என் நோட்டில் நான் குறித்திருந்த முகங்கள் ஐந்து. ஐந்தையும் பன்னிரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு தடவை எண்ணியிருந்தால் போதும். "மீதி ஏழு பேர் எங்கே சார்?" என்று ஒரு கேள்வி. கேட்கவில்லை. மழை தூறியது, கிளம்பிவிட்டேன்.

பத்திரிகை ஆசிரியரிடம் போனேன். அவர் அப்போதும் இப்போது போலத்தான், ஒரு கையில் புரூஃப், ஒரு கையில் டெலிபோன்.

"மேடம், ஒரு திருத்தம் போடணும்."

"பொய் எழுதினியா?"

"இல்லை மேடம்."

"பார்த்ததைத்தானே எழுதினே? அவர் மறைச்சார், நீ ஏமாந்தே. அதுக்குத் திருத்தம் போட்டா அடுத்த வாரம் ஏழு ஸ்கூலும் வாசல்ல க்யூ கட்டும், என்னை மூணாவதா போடு, ரெண்டாவதா போடுன்னு. அதுவும் இல்லாம, நம்ம பேப்பர் வர்றது சனிக்கிழமை. ஃபாரம் புதன்கிழமை."

அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரி. நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, வேலை நிரந்தரமும் ஆகவில்லை. தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம்.

"நான் ஹெட்மாஸ்டரை நேரில் பார்க்கட்டுமா?"

டெலிபோனை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "போ. ஆனா பேப்பர் தப்புப் பண்ணிடுச்சுன்னு சொல்லாதே. நீ பண்ணினேன்னு சொல்லு."

அன்று மாலை பி.டி. சாரைப் போய்ப் பார்த்தேன். பாவம், அவர் முகம் வெளிறியிருந்தது. ஸ்டோர் ரூமுக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"போன வருஷம் உங்க பேப்பர்ல, உனக்கு முன்னாடி இருந்த ஆளு, என் சென்டர் பையன் இடது பக்கம் வீக்குன்னு எழுதிட்டுப் போயிட்டார் தம்பி. முதல் மேட்ச்லயே எதிர்ல இருந்த அஞ்சு பேரும் அவன் இடது பக்கமே போறானுங்க. தோத்தோம். அதான் இந்த வருஷம் மறைச்சேன். இப்படி ஆகும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நாளைக்கு ஹெட்மாஸ்டரைப் பார்க்கப்போறேன் சார்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். "பசங்களை நான்தான் ஒளிச்சேன்னு மட்டும் சொல்லிடாத. கிளாஸ் நேரத்துக்கு அப்புறம் லேப் சாவிய எடுத்திருக்கேன். ஏற்கெனவே அவருக்கு என்மேல கண்ணு."

கையை விடுவித்துக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதே யோசனை. உண்மையைச் சொன்னால் இவர் மாட்டுவார். இவருக்குப் பதில் அணியை யார் பார்த்துக்கொள்வார்கள்? பொய் சொன்னால், ஏற்கெனவே சொன்ன ஒரு பாதி உண்மையின் மேல் ஒரு முழுப் பொய்யை வைக்கிறேன். அடையாறு பாலத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். நான் செய்தது எதுவோ அதை மட்டும் சொல்வது, மற்றவர் செய்ததை என் வாயால் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? கேள்வி கேட்கிறவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அவ்வளவு எளிது இல்லை.

செவ்வாய்க்கிழமை ஹெட்மாஸ்டர் அறையில் என்னை உட்காரச் சொன்னார். நெற்றியில் விபூதி, மேஜையில் எங்கள் பத்திரிகை. பி.டி. சாரையும் கூப்பிட்டு அனுப்பிவிட்டார். அவர் பீரோவை ஒட்டி நின்றார்.

"சொல்லுப்பா. நீதானே எழுதினது? நன்னா எழுதியிருக்கே. எழுத அதிகம் இல்லைன்னு ஒரே வரில முடிச்சுட்டியே."

"அந்த வரி தப்பு சார். நான் இங்கே ஒரே ஒரு நாள்தான் வந்தேன். நாற்பது நிமிஷம் இருந்தேன். அதை வச்சு எட்டாவது இடம்னு போட்டேன். நாற்பது நிமிஷம்தான் பார்த்தேன்னு போட்டிருக்கணும். போடலை."

"பாக்காமலே எழுதிட்டேங்கறியா?"

"பார்த்தேன். அஞ்சு பேரைப் பார்த்தேன். பட்டியலில் பன்னிரண்டு பேர் இருந்தது சார். மீதி ஏழு பேர் எங்கேன்னு நான் கேட்கலை. கேட்கிறதுதான் என் வேலை."

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. ஏழு பேரும் எங்கே இருந்தா?"

பீரோ பக்கம் நான் திரும்பவில்லை.

"அன்னிக்கு எனக்குத் தெரியாது சார். அன்னிக்கு நான் கேட்காதது மட்டும்தான் நான் சொல்ல வேண்டியது."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு பி.டி. சாரைப் பார்த்தார். "அன்னிக்கு கெமிஸ்ட்ரி வாத்தியார் என்கிட்ட வந்து ஒரே புகார். லேப் ஜன்னலாண்ட ரெண்டு பீக்கர் உடைஞ்சு கிடக்கு, பூனை வந்திருக்குன்னார். நானும் பூனைன்னு நெனச்சுண்டிருந்தேன்."

பி.டி. சார் பீரோவுக்குள் போய்விடுவார் போல இருந்தது.

"ஏழு பூனை," என்றார் ஹெட்மாஸ்டர். சிரிக்கவில்லை. "நாளைக்குக் கார்த்தால ஆறு மணிக்கு ப்ராக்டீஸ் வையும். நானும் வரேன். நீயும் வரணும்ப்பா. ஃபாரம் என் பையிலயே இருக்கும்."

புதன்கிழமை ஐந்தே முக்காலுக்கெல்லாம் நான் கோர்ட்டில் இருந்தேன். பட்டியலை எடுத்து எண்ணினேன். பன்னிரண்டு. ஹெட்மாஸ்டர் குடையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

நீங்கள் எதிர்பார்க்கிறது நடக்கவில்லை. பையன்கள் கேவலமாக ஆடினார்கள். ஹெட்மாஸ்டர் உட்கார்ந்திருக்கும்போது எவனுக்குக் கை ஓடும்? ரிங்குக்கு நேர் கீழே நின்றுகொண்டே சலீம் இரண்டு தடவை கோட்டைவிட்டான். ஒருவன் பாஸ் செய்த பந்து நேராகப் பெஞ்சுக்கு வந்தது. ஹெட்மாஸ்டர் குடையால் தடுத்தார். பதினைந்து நிமிடம் இதே கதி. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"உன் எட்டாவது இடம் சரிதான் போலிருக்கே."

எழுந்திருக்கப் போனார். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, "உட்காருங்க சார்" என்றேன். "போன வாரம் நானும் இப்படித்தான் எழுந்து போனேன்."

கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன். அவர் உட்கார்ந்தார். சலீமைப் பக்கத்தில் கூப்பிட்டேன்.

"யாரைப் பார்த்து ஆடறே?"

"ஹெச்செம்மதான் சார். கண்ணு அங்கியே போவுது."

"அவர் இன்னும் ஒரு மணி நேரம் போகப்போறதில்லை. எவ்வளவு நேரம்தான் பயப்படுவே?"

அவன் ஒரு தடவை பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "டேய், வாங்கடா. சாரு போவ மாட்டாராம்," என்று கத்திக்கொண்டே ஓடினான்.

அதற்குப் பிறகு ஆடியதைத்தான் நான் முதல் வாரமே பார்த்திருக்க வேண்டும். ஒரே ரிங் என்பதால் பன்னிரண்டு பேரும் பாதிக் கோர்ட்டுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு எட்டு மாதமாக ஆடியிருக்கிறார்கள். காலை வைக்க இடமில்லாத இடத்தில் பந்தை நகர்த்தக் கற்றிருக்கிறார்கள். சலீம் பந்தை இரண்டு விநாடிக்கு மேல் கையில் வைத்துக்கொள்ளவில்லை. எட்டிப் பார்க்கும் தலைகளுக்கு நடுவே, இடுப்புக்குக் கீழே, கைக்கும் கைக்கும் பந்து போய்க்கொண்டே இருந்தது. எங்கே இருக்கிறது என்று நான் தேடி முடிப்பதற்குள் ரிங்குக்குள் விழுந்தது. உடைந்த போர்டை அவர்களுடைய குறை என்று என் நோட்டில் எழுதியிருந்தேன். அதுதான் அவர்களுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்திருந்தது.

ஏழேகாலுக்கு ஹெட்மாஸ்டர் பையிலிருந்து ஃபாரத்தை எடுத்தார். பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடவில்லை.

"இப்போ சொல்லு. ஜெயிப்பாளா?"

சலீம் பத்தடி தள்ளி நின்று, ஷூ லேஸைக் கட்டுகிற பாவனையில் கேட்டுக்கொண்டிருந்தான். லேஸ் ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. ஒரு "ஆமாம்" சொன்னால் போதும், காரியம் முடிந்தது. அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"தெரியாது சார்," என்றேன். "முழுக் கோர்ட் ஓடிப் பழக்கமில்லை. கடைசி அஞ்சு நிமிஷம் மூச்சு வாங்கும். ஆனா எட்டாவது இல்லை. அதை நிச்சயமாச் சொல்வேன்."

"பின்னே எத்தனாவது?"

"இன்னும் ரெண்டு நாள் பார்த்தால்தான் சொல்ல முடியும்."

அவருக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. "போன வாரம் நாப்பது நிமிஷம் போறும்னே. இப்போ ரெண்டு நாள் கேக்கறே." குடையின் மேலேயே ஃபாரத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். "டேய் கேப்டன், லேஸ் கட்டினது போறும், இங்கே வா. தெனம் சாயந்தரம் ஆறுலேருந்து எட்டு என் ரூம்ல உக்காந்து படிக்கணும். பன்னெண்டு பேரும். பீக்கர் ரெண்டும் வாங்கி வச்சாகணும், பூனைகள்கிட்ட சொல்லிடு."

சலீம் ஃபாரத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். வியர்வை படாமல் விரல் நுனியில் பிடித்துக்கொண்டு ஓடினான்.

அந்த சீசனில் அபிராமபுரம் அரையிறுதி வரை போயிற்று. தி.நகர் அணியிடம் தோற்றது. கடைசி ஐந்து நிமிடம் மூச்சு வாங்கித்தான் தோற்றது. நான் சொன்னது பலித்துவிட்டதே என்று எனக்குக் கொஞ்சமும் சந்தோஷமில்லை. சலீமுக்கு கோட்டாவில் பி.காம். கிடைத்தது. இரண்டாம் வருடம் முட்டியில் அடிபட்டு ஆட்டத்தை விட்டுவிட்டான். படிப்பை விடவில்லை. போன வருடம் டிகிரி வாங்கிய படத்தோடு அலுவலகத்துக்கு வந்திருந்தான். உங்களில் ஒருவர் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தீர்கள். யாரென்று தெரியாமலேயே.

அந்த முதல் சீசனுக்கு அடுத்த வருடத்திலிருந்து, நம் பக்கத்தில் ஒவ்வொரு அணிக்கும் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி வருகிறது: "பார்த்தது: மூன்று நாள், பன்னிரண்டு பேர்." அல்லது, "பார்த்தது: ஒரு நாள், ஒன்பது பேர்." மேடத்திடம் போராடி வாங்கிய வரி அது. "ஒரு வரி. அதுக்கு மேல ஒரு எழுத்துக் கூடாது," என்று சொல்லித்தான் கொடுத்தார். விளம்பரம் அதிகமாக வருகிற வாரத்தில் முதலில் அதைத்தான் வெட்டச் சொல்வார்கள். விடாதீர்கள். உங்கள் வர்ணனையில் இரண்டு வாக்கியத்தை வெட்டிக் கொடுங்கள், என் வர்ணனை எல்லாவற்றையும்கூட வெட்டிக் கொடுத்திருக்கிறேன். எங்கோ ஒரு மேஜையில், அச்சில் வந்தது எல்லாமே தீர்ப்பு என்று நம்புகிற ஒருவர் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் கையில் ஒரு ஃபாரமும் இருக்கும். நீங்கள் எவ்வளவு பார்த்தீர்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

அடுத்த வாரம் அபிராமபுரத்திலிருந்து தொடங்குங்கள். அதே பி.டி. சார்தான். போர்டை மாற்றிவிட்டார்கள், ரிங் இப்போது இரண்டு. நாற்காலி போடுவார், டீ சொல்வார், உதட்டைப் பிதுக்கி "இந்த வருஷம் இவ்ளோதான் தம்பி" என்பார். டீயைக் குடியுங்கள். பட்டியலை வாங்குங்கள். கோர்ட்டில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பன்னிரண்டுக்குக் குறைந்தால், அவரிடம் எதுவும் கேட்க வேண்டாம். தலையை நிமிர்த்தி, மாடியில் கெமிஸ்ட்ரி லேப் ஜன்னலைப் பார்த்து ஒரு தடவை கையசையுங்கள்.